சிறுமேகம் முதல் செந்நிற நெபுலா வரை: விண்முகில் ஒளிப்படக் கலையின் வரலாறு

இரவு வானில் ஆங்காங்கே மங்கலாகத் தென்படும் புகை போன்ற திட்டுகளை வானியலார் நெபுலா என்பர். தமிழில் விண்முகில் எனலாம். கையளவு விட்டமுள்ள கண்ணாடி வில்லை பொருத்திய ஒரு தொலைநோக்கி, அதைத் தாங்கிச் சுழலும் ஒரு பீடம், ஒரு கேமரா, ஒரு கணினி ஆகியவற்றை வைத்துக்கொண்டு, வானியலைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் இன்று தம் வீட்டு மாடியிலிருந்தே இவ்விண்முகில்களைச் செந்நிறமும் நீலமும் ஊதாவும் குழைந்த வண்ணப் படங்களாக எடுத்துவிட முடிகிறது. நூறாண்டுகளுக்கு முன் உலகின் தலைசிறந்த வானாய்வகங்களாலும் இயலாத காரியம் இது. நாட்காட்டிகளிலும் நூல் அட்டைகளிலும் சொற்பொழிவு விளம்பரங்களிலும் இத்தகைய படங்கள் இன்று மலிந்து காணப்படுகின்றன.

இப்படங்களைக் காணும்போது இரு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, கண்ணுக்கே எட்டாத இந்த ஒளியைப் பிடித்துவைக்கும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பது. மற்றொன்று, படத்தில் காணும் நிறங்கள் மெய்யானவையா என்பது. இரண்டாவது கேள்வி முஸ்லிம்களாகிய நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உரியது. அதற்கான காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

அஸ்-ஸூஃபி பதிந்த சிறுமேகம்

விண்முகில்களின் வரலாற்றை எழுதுவோர் எவரும் தவறாமல் குறிப்பிடும் பெயர் அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி. கி.பி. 903இல் ரய் நகரில் பிறந்த இவர், புவைஹி அரசர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் இஸ்ஃபஹானிலும் ஷீராஸிலும் வாழ்ந்து 986இல் மறைந்தார். கி.பி. 964ஆம் ஆண்டையொட்டி, அதாவது ஹிஜ்ரி 353 வாக்கில், இவர் இயற்றிய 'கிதாப் ஸுவர் அல்-கவாகிப்' என்னும் நிலைவிண்மீன்கள் பற்றிய நூல் வானியல் வரலாற்றின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று.

கிரேக்க அறிஞர் தாலமியின் பட்டியலில் கண்ட 48 விண்மீன் குழுக்களையும் எடுத்துக்கொண்ட அஸ்-ஸூஃபி, அவற்றைப் படியெடுத்து எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு விண்மீனையும் தம் கண்ணால் பார்த்து அதன் ஒளியளவைத் திருத்தினார். தாலமி கூறியதற்கும் தாம் கண்டதற்கும் வேறுபாடு இருந்தால் அதை வெளிப்படையாக எழுதினார். சில விண்மீன்கள் செந்நிறமானவை என்று நிறத்தையும் குறித்தார். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு உருவங்கள் வரைந்தார். ஒன்று, பூமியிலிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது தோன்றுவது. மற்றது, வான்கோளத்தின் மேற்புறத்தில் பொறிக்கும்போது இடவலம் மாறி அமைவது. இன்று தொலைநோக்கிப் படம் எடுப்பவர்கள் கண்ணாடியால் இடவலம் மாறிய பிம்பத்தோடு போராடும்போது, இந்த இரட்டைப் படங்களின் அருமை விளங்கும்.

இந்நூலில்தான் ஆந்திரோமெடா குழுவை விவரிக்கும் இடத்தில், அரபு மரபில் வழங்கிய பெரிய மீன் உருவத்தின் வாய்க்கு முன்னால் ஒரு சிறுமேகம் காணப்படுவதாக அஸ்-ஸூஃபி எழுதுகிறார். படத்தில் அதைப் புள்ளிகளின் திரளாகக் காட்டுகிறார். இன்று ஆந்திரோமெடா விண்மீன் மண்டலம் என நாம் அறிந்துள்ள பொருளைப் பற்றி எஞ்சியிருக்கும் மிகப் பழைய தெளிவான எழுத்துச் சான்று இதுவே. ஐரோப்பாவில் சைமன் மாரியஸ் தொலைநோக்கியால் அதனைக் கண்டு விவரித்தது 1612இல். இடையில் ஓடிய காலம் ஆறரை நூற்றாண்டு.

வாளின் நடுவே ஒரு மௌனம்

அஸ்-ஸூஃபியின் பெருமையைப் பேசும் நாம் ஒன்றை மறைக்கலாகாது. இன்று ஆர்வலர்கள் மிகுதியாகப் படமெடுக்கும் விண்முகில் ஓரியன் நெபுலா. அரபியர் அல்-ஜப்பார் என்றும் அல்-ஜவ்ஸா என்றும் அழைத்த குழுவில், இடைக்கச்சையிலிருந்து தொங்கும் வாளின் நடுவே அது அமைந்துள்ளது. இருண்ட வானில் வெறுங்கண்ணுக்கும் புலப்படக்கூடியது. ஆயினும் அஸ்-ஸூஃபி அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவருக்கு முன் தாலமியும் எழுதவில்லை. இதே குழுவின் தலைப்பகுதியை மேகம் போன்றது என்று குறித்த பட்டியல், வாளின் நடுவிலுள்ள மெய்யான முகிலைச் சாதாரண விண்மீனாகவே கொள்கிறது. தொலைநோக்கியை ஓரியன் பக்கம் திருப்பிப் புதிய விண்மீன்களை வரைந்த கலிலியோவும் இம்முகிலைக் குறிக்கவில்லை.

முதலில் கண்டவர் ஃபிரான்சு நாட்டின் பெய்ரெஸ்க், ஆண்டு 1610. அடுத்து சிசாட்டஸ் கண்டார். டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1656இல் அதைத் தாமாகவே கண்டு, 1659இல் தம் நூலில் படம் வரைந்து வெளியிட்டார். 1769இல் மெஸ்ஸியே தம் பட்டியலில் 42ஆம் எண்ணாகச் சேர்த்தார். எம்42 என்ற இன்றைய பெயர் அதிலிருந்து வந்ததே.

முகிலைக் குறிக்காவிட்டாலும், அதைச் சூழ்ந்த விண்மீன்களுள் பல இன்றுவரை அரபுப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. 'ரிஜ்ல்' எனும் பாதம் ரைஜல் ஆயிற்று. 'ஸைஃப்' எனும் வாள் அப்படியே நிலைத்தது. 'மின்தகா', 'நிதாக்' ஆகிய கச்சையைக் குறிக்கும் சொற்களும், மணிகளைக் கோத்த வரிசையைக் குறிக்கும் 'நிழாம்' என்ற சொல்லும் இடைக்கச்சையின் மூன்று விண்மீன்களில் வாழ்கின்றன. நாம் திருவாதிரை என அறிந்த செவ்விண்மீன் 'யத் அல்-ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸாவின் கை. 'யா' எழுத்தின் இரு புள்ளிகளை ஒரு புள்ளியாகப் படித்து 'பா' எனக் கொண்ட இடைக்கால ஐரோப்பிய எழுத்தரின் பிழையால் அது பெட்டல்ஜூஸ் ஆயிற்று. இன்று கணினிவழி இயங்கும் தொலைநோக்கியின் கைப்பேழையை இயக்கினால், திசையைச் சரிபார்க்க அது திரையில் காட்டும் விண்மீன்களுள் ஆல்டெபரான், வேகா, ஆல்டேர், டெனெப் என்று பாதிக்கு மேற்பட்டவை அரபுச் சொற்களாக இருப்பதைக் காணலாம்.

இருட்டறையின் பாடம்

அஸ்-ஸூஃபியின் நூல் எழுந்த காலத்தையொட்டி, ஏறத்தாழ 965இல், பஸ்ராவில் பிறந்தவர் இப்னுல் ஹைதம். கெய்ரோவில் வாழ்ந்து 1040 வாக்கில் மறைந்த இவர் ஏழு பாகங்களில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலின் அடித்தள நூல். கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்பதைச் சோதனைகளாலும் கணிதத்தாலும் அவர் நிறுவினார். கிரகண வடிவம் பற்றிய தனிச் சிறுநூலில், பகுதிக் கிரகணத்தின்போது சிறுதுளை வழியே வரும் சூரிய ஒளி எதிர்ச்சுவரில் பிறை வடிவமாக விழுவதை ஆராய்ந்தார். துளை பெரிதானால் பிறை மழுங்கி வட்டமாவது ஏன் என்பதையும் விளக்கினார்.

இதைக்கொண்டு கேமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம் என்று மேடைகளில் கூறுவதுண்டு. அது மிகை. சிறுதுளையில் பிம்பம் விழுவதை அவருக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் அறிந்திருந்தனர்; பிம்பத்தை நிலைநிறுத்தும் வேதியியல் அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தது. அவர் தந்தது துளையிலிருந்து சுவர்வரை ஒளி செல்லும் வழியைக் கணக்கிட்டுக் காட்டும் முறையை. அவருடைய பெருநூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாசல் நகரில் அச்சேறியது.

நம் பொருளுக்கு நேரடியாக உதவும் அவருடைய கருத்து வேறொன்று உண்டு. நிறமுள்ள பொருளின் மீது விழும் ஒளி குறையக் குறைய அதன் நிறம் கறுத்துக் கலங்கித் தோன்றும் என்றும், இருள் மிகுந்தால் நிறம் கண்ணுக்குப் புலப்படாமலே போகும் என்றும் அவர் எடுத்துக்காட்டியுள்ளார். நிறம் பொருளில் மட்டும் இல்லை. பார்க்கும் கண்ணுக்குப் போதிய ஒளி கிடைப்பதையும் பொறுத்தது. நெபுலாவின் நிறம் பற்றிய விவாதம் முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைகிறது.

மருத்துவரும் பொறியாளரும் கட்டட ஒப்பந்தக்காரரும்

ஒளிப்படக் கலை 1839இல் பிறந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஜான் வில்லியம் டிரேப்பர் சந்திரனைப் படமெடுத்தார். ஆனால் விண்முகிலைப் படமெடுக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. காரணம் எளிது. 1851க்குப் பின் வழக்கிலிருந்த ஈரத்தட்டுகள் சில நிமிடங்களில் உலர்ந்து உணர்திறனை இழந்துவிடும். நெபுலாவின் ஒளியோ அவ்வளவு நேரத்தில் தடம் பதிக்கும் வலிமை உடையதன்று. 1871இல் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் மேடக்ஸ் ஜெலட்டின் பூசிய உலர்தட்டு முறையை வெளியிட்டபோதுதான் வழி திறந்தது. உலர்தட்டை மணிக்கணக்கில் ஒளிக்குக் காட்டலாம். ஒளி சேரச் சேரப் படம் துலங்கும்.

மேற்சொன்ன டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பரும் மருத்துவரே. நியூயார்க் அருகே ஹேஸ்டிங்ஸ்-ஆன்-ஹட்சனில் தம் சொந்த வானாய்வகத்தில், 1880 செப்டம்பர் 30 அன்று, 28 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால் 51 நிமிடம் ஒளியேற்று ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். உலகின் முதல் நெபுலா ஒளிப்படம் அது. 1882 மார்ச்சில் 137 நிமிட ஒளியேற்பில் அதைவிடச் சிறந்த படத்தை எடுத்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே 45 வயதில் இறந்துபோனார். அவருடைய துணைவியார் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அளித்த நிதியால் உருவானதே இலட்சக்கணக்கான விண்மீன்களை வகைப்படுத்திய ஹென்றி டிரேப்பர் பட்டியல்.

இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் சுகாதாரப் பொறியாளர். ஈலிங்கில் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவிய 91 சென்டிமீட்டர் கண்ணாடித் தொலைநோக்கியால் 1883 ஜனவரியில் ஓரியன் நெபுலாவை 37 நிமிடம் படமெடுத்தார். அப்படத்தில் அதே தொலைநோக்கி வழியே பார்த்த கண்ணுக்குத் தெரியாத விண்மீன்கள் தென்பட்டன. கண் ஒரு நொடியின் சிறுபகுதியில் பெற்ற ஒளியை அப்போதே செலவிட்டு விடுகிறது. ஒளித்தட்டு சேமித்து வைக்கிறது. கண்ணைக் காட்டிலும் தட்டு ஆழமாகக் காண வல்லது என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. மறு ஆண்டு இராயல் வானியல் கழகம் காமனுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

மூன்றாமவர் ஐசக் ராபர்ட்ஸ். வேல்சில் பிறந்து லிவர்பூலில் கட்டட ஒப்பந்தத் தொழிலால் பொருளீட்டியவர். 51 சென்டிமீட்டர் கண்ணாடித் தொலைநோக்கியால் 1888 டிசம்பரில் அவர் எடுத்த படம் அஸ்-ஸூஃபியின் சிறுமேகத்தையே காட்டியது. இம்முறை அது மேகமாக இல்லை. சுருள் சுருளான கைகளுடன் விரிந்து கிடந்தது. புதிய சூரியக் குடும்பம் ஒன்று உருவாவதைத் தாம் காண்பதாக ராபர்ட்ஸ் கருதினார். அக்கருத்து பிழை. 1923இல் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கிப் படங்களில் அச்சுருளுக்குள் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டு, அதைக்கொண்டு தொலைவைக் கணித்தபோது, அது நம் பால்வழிக்கு வெகு அப்பால் உள்ள தனி விண்மீன் மண்டலம் என்பது உறுதியாயிற்று. இன்றைய கணிப்பில் அதன் தொலைவு சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுகள். ஆக, அஸ்-ஸூஃபி மேகம் என எழுதியது மேகமே அன்று. எனினும் தாம் கண்டதை மட்டும், கண்டவாறே எழுதிய அவருடைய பதிவில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. விளக்கம் சொல்ல முயன்ற ராபர்ட்ஸின் கூற்றே திருத்தப்பட்டது.

பச்சை நிறக் கோடு

மெய்யான விண்முகில் எது, தொலைவிலுள்ள விண்மீன் கூட்டம் எது என்பதைப் பிரித்தறியும் வழியைக் காட்டியவரும் ஓர் ஆர்வலர்தான். குடும்பத்தின் துணி வணிகத்தை விற்றுவிட்டு லண்டனின் டல்ஸ் ஹில்லில் வானாய்வகம் அமைத்த வில்லியம் ஹக்கின்ஸ், 1864 ஆகஸ்டு 29 அன்று டிரேக்கோ குழுவிலுள்ள ஒரு சிறு நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியால் பகுத்தார். பின்னாளில் பூனைக்கண் நெபுலா எனப் பெயர் பெற்றது அது. விண்மீன்களின் ஒளி வானவில் போல் தொடர்ச்சியாக விரியும். இதிலோ தனித்தனிக் கோடுகளே தெரிந்தன. ஒளிர்வது விண்மீன் திரள் அன்று, வாயு என்பது ஒரே இரவில் தெளிவாயிற்று.

அக்கோடுகளுள் பிரகாசமான பச்சைக் கோடு பூமியிலுள்ள எத்தனிமத்தோடும் பொருந்தவில்லை. நெபுலியம் என்ற புதுத் தனிமம் இருக்கலாம் எனக் கருதினர். 1927இல் ஐரா போவன் புதிரை விடுவித்தார். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன், பூமியில் காண முடியாத அளவு ஐதான வெளியில் மிதக்கும்போது உமிழும் ஒளி அது, அலைநீளம் 500.7 நானோமீட்டர். நாம் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன்தான்.

அருகிலுள்ள வெப்பமிகு விண்மீனின் புறஊதாக் கதிர்கள் வாயுவின் அணுக்களைத் தாக்க, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிர்கிறது. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் செந்நிறம் தருகிறது. ஆக்சிஜன் நீலம் கலந்த பச்சை. கந்தகம் ஹைட்ரஜனைவிடச் சற்று ஆழ்ந்த சிவப்பு. ஆகவே நெபுலாக்களில் நிறம் உண்டு, அது கற்பனையன்று. ஆனால் நம் கண்ணில் நிறமறியும் கூம்பு உயிரணுக்கள் இவ்வளவு மங்கிய ஒளியில் செயற்படுவதில்லை. கோல் உயிரணுக்களே செயற்படுகின்றன. அவை நிறம் அறியா. சிவப்பொளியை உணர்வதும் அரிது. எனவேதான் ஓரியன் நெபுலாவைத் தொலைநோக்கியில் பார்ப்பவருக்குச் சாம்பல் நிறத் திட்டோ, இலேசான பச்சைச் சாயலோதான் தெரிகிறது. இப்னுல் ஹைதம் கூறிய மங்கும் நிறம் இதுவே.

டிரேப்பரின் தட்டுகளும் ஒருவகையில் நம் கண்ணைப் போன்றவையே. அக்காலத் தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. நெபுலாவின் தலையாய ஒளியான ஹைட்ரஜன் சிவப்பு அவற்றில் பதியவில்லை. சிவப்பை உணரும் தட்டுகள் வந்தது அடுத்த நூற்றாண்டில். மூன்று வடிகட்டிகள் வழியே மூன்று படம் எடுத்து இணைத்தால் முழு நிறமும் கிடைக்கும் என்பதை மேக்ஸ்வெல் 1861இலேயே காட்டியிருந்தார். எனினும் வண்ணச் சுருள் கொண்டு பாலமர் வானாய்வகத்தின் பெருந்தொலைநோக்கிகளில் வில்லியம் மில்லர் எடுத்த நெபுலாப் படங்கள் 1959இல் வெளிவந்தபோதுதான் உலகம் விண்முகில்களின் நிறத்தைக் கண்டது. பின்னர் ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின், மேக்ஸ்வெல் வழியே கறுப்பு வெள்ளைத் தட்டுகள் மூன்றை இணைத்து நுட்பமான வண்ணப் படங்களை உருவாக்கினார்.

ஆர்வலரின் இன்றைய முறை

இக்கலை எளியவர் கைக்கு வந்தது, 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் வகுத்த சி.சி.டி. என்னும் மின்னணுச் சில்லினால். அவர்களுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளிச்சுருள் தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறுபங்கையே பதிவு செய்தது. அன்றியும் நீண்ட நேரம் காட்டினால் சோர்ந்தும் போயிற்று. சில்லு விழும் ஒளியில் பெரும்பகுதியைப் பதிவு செய்கிறது, சோர்வதில்லை.

இன்று ஆர்வலர் ஒருவர் செய்வதைச் சுருக்கமாகக் காண்போம். பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. அதற்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பும் பீடத்தின் அச்சை முதலில் வான்துருவத்தை நோக்கி நிறுத்த வேண்டும். அரபியர் 'அல்-ஜத்ய்' என்ற துருவ விண்மீன் இதற்கு வழிகாட்டி. தமிழ்நாட்டில் அது தொடுவானத்திலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்திலேயே நிற்பதால் கட்டடங்களும் மரங்களும் மறைத்துவிடுவது உண்டு. ஓரியனோ நமக்கு ஏறத்தாழ உச்சிவானத்தில் வருவதால் அதன் ஒளி குறைந்த அளவு காற்றையே கடந்து வருகிறது. அடுத்து, ஒரு துணைக் கேமரா ஏதேனும் ஒரு விண்மீனைக் கண்காணித்து, பீடத்தின் சிறு பிழைகளை நொடிக்கு நொடி திருத்துகிறது. டிரேப்பரும் ராபர்ட்ஸும் குளிரில் மணிக்கணக்காகக் கண்ணை வைத்தும் கையால் திருகியும் செய்த பணி அது.

ஒரே படமாக மணிக்கணக்கில் எடுக்காமல், சில நிமிடப் படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கணினியில் கூட்டுகின்றனர். நெபுலாவின் ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். மின்னணு இரைச்சல் படத்துக்குப் படம் மாறும். நூறு படங்களைக் கூட்டிச் சராசரி கண்டால் இரைச்சல் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. மூடியைப் போட்டு எடுக்கும் இருட்படம் சில்லின் சூட்டால் வரும் போலிப் புள்ளிகளைக் கழிக்கவும், சீரான ஒளித்தளத்தைப் பார்த்து எடுக்கும் படம் தூசுநிழலையும் விளிம்பு மங்கலையும் நீக்கவும் பயன்படும். சாதாரணக் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்கப் பொருத்தியுள்ள வடிகட்டி, ஹைட்ரஜன் சிவப்பின் பெரும்பகுதியையும் தடுத்துவிடுவதால், அதை அகற்றி மாற்று வடிகட்டி இடுவோர் பலர். நகர விளக்குகளின் நடுவே வாழ்வோர், ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகியவற்றின் கோடுகளை மட்டும் அனுமதிக்கும் குறுகிய வடிகட்டிகளால் தனித்தனியே கறுப்பு வெள்ளைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து இணைக்கின்றனர்.

இங்கேதான் நம் இரண்டாவது கேள்வி எழுகிறது. ஒவ்வொன்றுக்கும் எந்த நிறத்தைக் கொடுப்பது? 1995இல் ஹப்பிள் விண்தொலைநோக்கி எடுத்துப் புகழ்பெற்ற 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்சிஜனுக்கு நீலமும் அளிக்கப்பட்டன. மெய்யாகச் சிவப்பாக ஒளிரும் ஹைட்ரஜன் அங்கே பச்சையாயிற்று. இது ஏமாற்று வேலையன்று. இரு சிவப்புகளும் கலந்தால் எது கந்தகம், எது ஹைட்ரஜன் என்று பிரித்தறிய முடியாது என்பதால் அறிஞர்கள் வகுத்துக்கொண்ட குறியீடு. நிலப்படத்தில் நாடுகளுக்கு நிறம் தீட்டுவது போன்றது.

ரோஜா என்று சொல்லப்பட்ட படம்

2000க்குப் பின்வந்த ஆண்டுகளில் ஒரு படம் முஸ்லிம் உலகெங்கும் மின்னஞ்சல்களிலும் நூல்களிலும் வலம் வந்தது. சிவந்த இதழ்கள் விரிந்த ரோஜாவைப் போன்ற நெபுலா அது. வானம் பிளந்து ரோஜா நிறமாவதைக் கூறும் சூரா அர்-ரஹ்மானின் 37ஆம் வசனத்துக்கு அறிவியல் தந்த சான்று அது என்று பலர் எழுதினர், பேசினர். அந்தப் படம் வேறெதுவுமன்று. 1864இல் ஹக்கின்ஸ் பகுத்த அதே பூனைக்கண் நெபுலாதான்.

ஹப்பிள் தொலைநோக்கி 1994 செப்டம்பர் 18 அன்று எடுத்த அப்படத்தை வெளியிட்டவர்கள் அதன் நிறவிவரத்தையும் உடன் கொடுத்திருந்தனர். ஹைட்ரஜனுக்குச் சிவப்பு, அயனி நைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜன் அணுவுக்கு நீலம். இம்மூன்றின் இயல்பான ஒளியும் 630 முதல் 658 நானோமீட்டருக்குள் அடங்குவது. அதாவது மூன்றுமே சிவப்பு. படத்தில் நாம் கண்ட சிவப்பு, பச்சை, நீலம் என்ற வேறுபாடு முழுவதும் கணினியில் அளிக்கப்பட்டது. சிறு தொலைநோக்கியில் அந்த நெபுலாவைப் பார்ப்பவருக்கு, ஆக்சிஜனின் பச்சைக்கோடு மிகுதியாக உள்ளதால், நீலப்பச்சைச் சாயலுடைய சிறுவட்டமே தெரியும். வசனமோ இறுதி நாளின் நிகழ்ச்சியைப் பேசுகிறது. பால்வழியில் இன்று ஒளிரும் ஒரு வாயுத்திரளைப் பேசவில்லை.

நல்லெண்ணத்தால் செய்ததே என்று இதைக் கடந்துவிட முடியாது. நிறம் தீட்டப்பட்ட படத்தின்மேல் நம்பிக்கையின் சான்றை ஏற்றி வைத்தால், நாளை அதே படத்துக்கு வேறு நிறம் அளிக்கப்படும்போது பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் என்ன எண்ணுவர்? வேதத்தின் மெய்ம்மைக்கு ஒரு வடிகட்டியின் தயவு தேவையில்லை. தாலமி எழுதியதாயினும் நேரில் பாராமல் ஏற்க மறுத்த அஸ்-ஸூஃபியின் வழியும், முன்னோர் நூலைப் படிப்பவன் தன்னையும் சேர்த்தே ஐயுற வேண்டும் என்று கற்பித்த இப்னுல் ஹைதமின் வழியும் இதற்கு நேர்மாறானவை.

சிறு தொலைநோக்கிகளின் பெருங்கொடை

ஆர்வலர்களின் படங்கள் அழகுக்காக மட்டும் எடுக்கப்படுபவை என எண்ண வேண்டாம். 2004 ஜனவரியில் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் ஜே மெக்நீல் என்ற ஆர்வலர், 7.6 சென்டிமீட்டர் விட்டமே உள்ள தொலைநோக்கியால் ஓரியன் பகுதியை எடுத்த படத்தில், வழக்கமான வான்படங்களில் காணப்படாத ஒரு சிறு நெபுலா தென்பட்டது. புதிதாய்ப் பிறந்துவரும் விண்மீன் ஒன்று திடீரெனப் பிரகாசித்து, தன்னைச் சூழ்ந்த தூசியை ஒளியூட்டியிருந்தது. பெரும் வானாய்வகங்கள் உடனே அப்பக்கம் திரும்பின. இன்று அது மெக்நீல் நெபுலா என்றே வழங்குகிறது.

இதனினும் வியப்பானது அடுத்த நிகழ்ச்சி. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்ட்டி ஆகிய மூன்று ஆர்வலர்கள், ஆந்திரோமெடா மண்டலத்தை ஆக்சிஜன் வடிகட்டி வழியே பல இரவுகள் படமெடுத்தபோது, அதன் அருகே நீல நிறமான ஒரு நீண்ட வில் தெரிந்தது. 2022இல் கண்ட அதனை, தொழில்முறை வானியலாருடன் இணைந்து 2023 ஜனவரியில் ஆய்விதழில் வெளியிட்டனர். பயன்படுத்திய தொலைநோக்கியின் விட்டம் 10.6 சென்டிமீட்டர். உலகில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட வான்பொருள்களுள் ஒன்றின் பக்கத்திலேயே, முழுநிலவைப் போல் மூன்று மடங்கு நீளமுள்ள ஒரு முகில் அதுவரை எவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அஸ்-ஸூஃபி சிறுமேகத்தைக் குறித்த அதே இடத்தின் அருகே!

அவ்வில்லை அவர்கள் மெய்யென உறுதிசெய்த முறையும் கருதத்தக்கது. தங்கள் கருவியின் குறையாக இருக்கலாம் என்று முதலில் ஐயுற்று, வேறு இடங்களில், வேறு கேமராக்களால் எடுக்கச்செய்து ஒப்பிட்ட பின்னரே உலகுக்கு அறிவித்தனர்.

ஓரியன் நெபுலாவின் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் ஆகின்றன. இன்றிரவு ஒரு மாடியில் வைத்த கேமராவில் விழும் ஒளி, உமையாக்கள் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. அவ்வளவு தொலைவு வந்த ஒளிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதைப் பற்றி உண்மையை மட்டும் எழுதுவதே. பொறுப்புள்ள ஆர்வலர்கள் தம் படத்தின் கீழ் எந்தத் தொலைநோக்கி, எத்தனை மணி நேரம், எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் என்று வரிசையாக எழுதிவைக்கின்றனர். நம் இதழ்களும் நூல்களும் நாட்காட்டிகளும் வான்படங்களை வெளியிடும்போது அந்த மூன்று வரிகளையும் உடன் அச்சிடும் வழக்கத்தை மேற்கொள்ளுமாயின், அது அஸ்-ஸூஃபியின் நூலுக்கு நாம் எழுதும் நல்லதொரு தொடர்ச்சியாக அமையும்.